கிளினிக் கொப்பியும் செலவுக் கணக்கும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவியர் மூவர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த மேடையில் நாங்கள் மூவரும் கடைசியாக ஒன்றாக நின்றது தமிழ்த் தினப் போட்டி நாடகமொன்றுக்காக. இன்று எங்களில் ஒருவர் வைத்தியர், ஒருவர் தாதிய உத்தியோகத்தர், ஒருவர் மருந்தாளர். உரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பது மட்டும் ஒருவர். இடையில் எதையாவது மாற்றிச் சொன்னால் முன்வரிசையில் இருக்கும் மற்ற இருவரின் முகத்தில் அது தெரியும்.

நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை நோயாளர் நலனுக்கு ஒதுக்குவதென்று செயற்குழு தீர்மானித்தபோது எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய், சிறுநீரக நோய் போன்ற நெடுநாள் வருத்தங்கள் உள்ளவர்களின் சிகிச்சைகளை ஒன்றாக இணைத்துக் கவனிக்க ஓர் ஏற்பாடு செய்தால் வைத்தியச் செலவு குறையுமா? வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் கிளைச் சங்கத்தாரும் இதையேதான் கேட்டார்கள். "குறையும்" என்று சொல்லிவிட்டால் காசு விரைவாக வந்துவிடும். அப்படிச் சொல்வதற்கு எங்களால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும், முடியாதபோதும் ஏன் உங்களிடம் இந்த ஏற்பாட்டைக் கேட்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் இப்போது நடப்பதைப் பார்ப்போம். எங்கள் அம்மாமார் வயதில் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். பிரஷர் உண்டு. இருதயத்துக்கும் குளிசை எடுக்கிறார். கண்ணில் நீரிழிவு தொடங்கியிருக்கிறது. காலில் ஆறாத சிறிய புண் ஒன்று. இவர் மாதத்தில் ஒரு நாள் ஆதார வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்குக்குப் போகிறார். இன்னொரு நாள் போதனா வைத்தியசாலையின் இருதயக் கிளினிக். சில மாதங்களுக்கு ஒருமுறை கண் கிளினிக். புண்ணுக்கு மருந்து கட்டப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை. இடையில் உடம்பு சரியில்லையென்றால் பின்னேரம் ஒரு வைத்தியரைச் சனல் பண்ணிப் பார்ப்பார். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கொப்பி. எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும். அன்றைக்குப் போகவேண்டிய கிளினிக்கின் கொப்பியை மட்டும்தான் கையில் எடுத்துக்கொண்டு போவார். மற்றக் கொப்பிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது எதிரில் இருக்கும் வைத்தியருக்குத் தெரியாது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வெளியே காத்திருக்கும்போது கேட்டறியவும் நேரமில்லை.

எங்களில் மருந்தாளராக இருப்பவர் அடிக்கடி காண்பது இது: அரசாங்கக் கிளினிக்கில் லொசார்ட்டன் என்ற பெயரிலேயே குளிசை கொடுப்பார்கள். தனியார் பாமசியில் அதே மருந்தை ஒரு கம்பனிப் பெயரில் வாங்கியிருப்பார். இரண்டும் இரு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவார். மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி எழுதும் வழக்கத்துக்காகப் பேராசிரியர் சேனக பிபிலே எவ்வளவு பாடுபட்டார் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் தலைமையில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் உருவானது. அரை நூற்றாண்டு கடந்தும் அலுமாரியில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் இரவு சீனி இறங்கி, வியர்த்து, நினைவு தடுமாறி, அம்புலன்ஸில் கொண்டுபோய் அனுமதிக்கிறார்கள். வாட்டில் நான்கு நாள். இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்கு வரும்போது இன்னொரு துண்டு, அதில் புதிய மருந்துப் பட்டியல். பழைய பட்டியலில் எதை நிறுத்துவது என்று அதில் இல்லை.

இலங்கையில் மருத்துவம் இலவசம் என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமை நியாயமானதும்கூட. ஆனால் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது. வெளியில் வாங்கும் மருந்து, வெளியில் செய்யும் பரிசோதனை, சனல் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். ஓட்டோக் காசு, கூடவரும் மகள் இழக்கும் நாட்கூலி, காலை ஐந்து மணிக்கு இலக்கம் எடுக்கப் போனவருக்குக் கடையில் வாங்கிய சாப்பாடு என்பவையெல்லாம் எந்த அமைச்சின் கணக்கிலும் சரியாக ஏறுவதில்லை.

இது ஓரிரு குடும்பங்களின் கதை அல்ல. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 சதவீதம் தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. 2018, 2019 ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் செய்யப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்த மண்டபத்தில் நாற்பது பேர் ஒரு வரிசையில் இருந்தால் ஒன்பது பேர்.

இப்போது கேள்விக்கு வருவோம். இத்தனை வீண்செலவு கண்ணுக்குத் தெரியும்போது, எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பெடுத்து இணைத்தால் செலவு குறையாமல் எப்படி இருக்கும்? இந்த எண்ணம் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்கா இதைப் பெரிய அளவில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. அங்கே முதியவர்களுக்கான அரச மருத்துவக் காப்புறுதி மெடிக்கெயர். அதன் கீழ் 2002 முதல் 15 இடங்களில், நெடுநாள் நோயாளர்களுக்கு ஒருங்கிணைப்புத் தாதியரை நியமித்தார்கள். தாதியர் பெரும்பாலும் தொலைபேசியில் பேசி, மருந்தை விசாரித்து, வைத்தியருக்குத் தகவல் கொடுத்தார்கள். நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போட்டது போல இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இந்த உதவியைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2009இல் வெளியான முடிவு பலருக்கும் ஏமாற்றம். 15இல் 13 இடங்களில் வைத்தியசாலை அனுமதிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. ஓர் இடத்தில் குறைந்தது, ஓர் இடத்தில் கூடியது. தாதியருக்கான கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓரிடத்திலாவது நிகர மிச்சம் கிடைக்கவில்லை.

அடுத்தது நியூ ஜேர்சி மாநிலத்தின் கம்டன் நகரம். மிக வறிய நகரம். அங்கு டொக்டர் ஜெஃப்ரி பிறெனர் என்பவர், வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்ப வருபவர்களைத் தேடிப்பிடித்து, வீட்டுக்கே ஒரு குழுவை அனுப்பிக் கவனித்தார். 2011இல் டொக்டர் அதுல் கவாண்டே நியூயோர்க்கர் சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதியபின் உலகமே வியந்தது. நாங்களும் வாசித்து வியந்தவர்கள்தாம். பின்னர் 800 நோயாளரை வைத்து முறையான ஒப்பீட்டு ஆய்வு செய்யப்பட்டு 2020இல் முடிவு வெளியானது. குழுவின் கவனிப்புப் பெற்றவர்களில் 62.3 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் மறுபடி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். கவனிப்புப் பெறாதவர்களில் 61.7 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும்.

அப்படியானால் முன்னர் "பாதியாகக் குறைந்தது" என்றெல்லாம் சொல்லப்பட்டவை பொய்யா? பொய் அல்ல. பாடசாலையில் படிப்பித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலாம் தவணையில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து ஒரு விசேட வகுப்பு வைத்தால், இரண்டாம் தவணையில் அவர்களில் பலர் கூடிய புள்ளி எடுப்பார்கள். வகுப்பே வைக்காவிட்டாலும் பலர் கூட்டித்தான் எடுப்பார்கள். ஏனென்றால் முதல் தவணையில் சிலருக்குக் காய்ச்சல், சிலருக்கு வீட்டில் பிரச்சினை. நோயாளரும் அப்படித்தான். ஒரு வருடத்தில் ஆகக் கூடிய செலவு வைத்தவர், அடுத்த வருடம் யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் பெரும்பாலும் குறையவே செலவு வைப்பார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் இல்லாமல் "குறைந்தது" என்று யார் சொன்னாலும், சங்கத்தின் பொருளாளர் அதை நம்பக்கூடாது. நாங்கள் வந்து சொன்னாலும்தான்.

மிச்சம் வராததற்கு இன்னொரு காரணம், நல்ல காரணம், உண்டு. ஒருவர் வீடுவீடாகப் போய்க் கவனிக்கத் தொடங்கினால் இதுவரை யாரும் காணாத நோய்கள் வெளிப்படும். காலில் உணர்ச்சி குறைந்தவர், சிறுநீரில் புரதம் போகிறவர், மனச்சோர்வால் மருந்தையே நிறுத்திவிட்டவர் எல்லோரும் கண்ணில் படுவார்கள். அவர்களுக்குப் பரிசோதனையும் மருந்தும் தேவை. செலவு கூடும். அந்தச் செலவு கூடத்தான் வேண்டும்.

ஆனாலும் அமெரிக்க முடிவுகளை இத்துடன் மூடிவைக்க எங்களுக்கு மனமில்லை. அந்த 15 இடங்களில் சிலவற்றை மேலும் சில வருடங்கள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஆபத்துக் கூடிய நோயாளர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், நான்கு இடங்களில் வைத்தியசாலை அனுமதிகள் 8 முதல் 33 சதவீதம் வரை குறைந்திருந்தன. அந்த நான்கிலும் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். அங்கே தாதியர் தொலைபேசியுடன் நிற்காமல் ஏறக்குறைய மாதம் ஒருமுறை நோயாளரை நேரில் கண்டார்கள். வைத்தியரையும் நேரில் கண்டு பேசினார்கள். மருந்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். நோயாளர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதும் வீடு திரும்பியதும் அவர்களுக்கு உடனே தெரிந்தது. இவ்வளவுதான். இதில் விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. அங்கேயும், தாதியருக்கான கட்டணத்தைத் தாண்டிக் கணிசமான மிச்சம் வந்தது என்று சொல்வதற்கில்லை.

எங்களை ஆக அதிகம் யோசிக்க வைத்தது டென்மார்க்கின் ஸ்டெனோ ஆய்வு. 160 பேர் கொண்ட சிறிய ஆய்வு. நீரிழிவுடன் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க அறிகுறியும் உள்ளவர்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பகுதியினருக்குச் சீனி, பிரஷர், கொழுப்பு, உணவு, நடை, புகைத்தல் எல்லாவற்றையும் ஒரே குழு ஒன்றாகக் கவனித்தது. ஏறக்குறைய எட்டு வருடம் அப்படி நடந்தது. மொத்தம் 21 வருடம் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒன்றாகக் கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். செலவைக் கணக்கிட்டார்கள். இரு பகுதிக்கும் மொத்தச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் வாழ்ந்த வருடங்களால் பிரித்துப் பார்த்தால், ஒன்றாகக் கவனிக்கப்பட்டவர்களுக்கு வருடத்துக்கு ஆன செலவு குறைவு.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். திறைசேரியின் கணக்கில் "மிச்சம் எதுவுமில்லை" என்றுதான் பதிவாகும். ஏனென்றால் செத்துப்போனவருக்குச் செலவு இல்லை. எட்டு வருடம் கூட இருந்த அம்மாவுக்கு மருந்துச் செலவு உண்டு. செலவு குறைய வேண்டும் என்பதையே ஒரே அளவுகோலாக வைத்தால், அந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். ஒருங்கிணைந்த கவனிப்பு என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. எங்கள் சங்கத்துக்கும் அதற்கும் ஒரே வயது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், ஊரூராக வரும் குடும்பநல உத்தியோகத்தரும். நாங்கள் இன்னமும் மருத்துவிச்சி மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்படும் அவர் என்ன செய்கிறார்? தன் பகுதியில் எந்த வீட்டில் யார் கர்ப்பிணி என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறார். கர்ப்பிணியின் பதிவட்டை ஒன்றுதான். அதைக் கிளினிக்கிலும் பார்ப்பார்கள், பிரசவ விடுதியிலும் பார்ப்பார்கள். குழந்தை பிறந்து வீடு வந்தால் சொல்லாமலே வந்து நிற்பார். தடுப்பூசித் திகதி தவறினால் தேடி வருவார். 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. அண்மைக் காலத்தில் அது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் வந்திருக்கிறது. கல்வி, போக்குவரத்து, குருதி வங்கி, மலேரியாக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த மிஸ்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு.

கர்ப்பிணிக்கு ஒரு பதிவட்டை, ஒரு பொறுப்பாளர். அதே பெண்ணுக்கு அறுபது வயதானதும் ஐந்து கொப்பி, பொறுப்பாளர் எவருமில்லை.

அரசாங்கம் இதை அறியாமல் இருக்கவில்லை. 35 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதிக்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் தொடங்கியது. அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களைக் கொண்டுவருவது இன்றுவரை பெரும்பாடு. (உங்கள் வீட்டுக்காரரை எப்போது கடைசியாகக் கூட்டிப் போனீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.) 2018இல் வந்த கொள்கையின்படி, ஒரு பெரிய வைத்தியசாலையையும் அதைச் சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளையும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களையும் ஒரு கொத்தாக இணைக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிச் சுகாதார இலக்கம் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. வழி சரியானதுதான். 2022இன் நெருக்கடியும், அதன்பின் வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போனதும் அந்த வழியில் நடக்க ஆட்களைக் குறைத்துவிட்டன.

இலங்கைக்கு இது பொருந்துமா என்பதற்கும் சான்று உண்டு. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில், உயர் குருதி அமுக்கம் உள்ள 2,645 பேரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. ஏற்கெனவே ஊரில் வேலைசெய்யும் அரச சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரஷர் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. இரண்டு வருட முடிவில், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் மேல் அமுக்கம் சராசரியாக 5 அளவு கூடுதலாக இறங்கியிருந்தது. ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒரு கிராமம் முழுவதற்கும் ஐந்து இறங்கினால், பாரிசவாதத்தில் விழுந்து வருடக்கணக்கில் கட்டிலில் கிடக்கவேண்டியவர்களில் சிலர் விழாமல் தப்புவார்கள்.

2020 கொரோனாக் காலத்தில் நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் ஊழியர்கள் மூலம் வீடுகளுக்கு வந்தன. முடியவே முடியாது என்று அதுவரை எண்ணியிருந்த ஒன்று சில வாரங்களில் முடிந்தது. நோயாளரின் முகவரியும் மருந்துப் பட்டியலும் ஓரிடத்தில் இருந்த வைத்தியசாலைகளில் அது இலகுவாக நடந்தது. கொப்பி நோயாளியிடமும் பதிவு எங்கோ ஒரு ராக்கையிலும் கிடந்த இடங்களில் பெரும் சிரமம்.

இங்கே பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியராக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருங்கிணைப்பாளர் எவருமில்லை என்று சற்று முன் சொன்னோம். அது முழு உண்மையல்ல. ஒருவர் இருக்கிறார். எந்தக் கிளினிக் எந்தக் கிழமை என்று நினைவில் வைத்திருப்பவர், ஐந்து கொப்பியையும் எடுத்து வைப்பவர், வேலையில் லீவு போட்டுக் கூடப் போகிறவர், சீனி இறங்கிய இரவில் விழித்திருந்தவர். அது மகள், மருமகள், கலியாணம் செய்யாமல் வீட்டோடு இருக்கும் தங்கச்சி. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவருக்குச் சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை, வைத்தியர் என்ன நினைக்கிறார் என்று கேட்க உரிமையும் இல்லை. ஒருங்கிணைந்த கவனிப்பு புதிதாக ஒரு செலவை உண்டாக்குகிறது என்று சொல்பவர்கள், இந்தச் செலவை இதுவரை யார் செலுத்தி வந்தார்கள் என்று பார்ப்பதில்லை. இந்த மண்டபத்திலிருக்கும் எத்தனையோ பேர் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள். பதவி உயர்வை வேண்டாம் என்றவர்களும், அம்மாவுக்காக இடமாற்றத்தை மறுத்தவர்களும் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

எனவே எங்கள் பதில் இப்படி அமைகிறது. சரியான ஆட்களைத் தெரிந்து, நேரில் கண்டு செய்யும் ஒருங்கிணைப்பால் சில வைத்தியசாலை அனுமதிகள் தவிரும். இரண்டாம்முறை செய்யும் பரிசோதனை, இரட்டை மருந்து, வீண் பயணம் என்பவை குறையும். அதனால் குடும்பத்தின் பையிலிருந்து போகும் காசு குறையும் என்று நம்புகிறோம். அரசாங்கத்தின் மொத்தச் செலவு குறையும் என்று வாக்குக் கொடுக்கமாட்டோம். பொய்யான வாக்கில் தொடங்கிய திட்டங்கள் வெளிநாடுகளில் எப்படி முடிந்தன என்று பார்த்தோம். மூன்றாம் வருடம் கணக்குப் பார்த்து, "சொன்ன மிச்சம் எங்கே?" என்று மூடிவிடுவார்கள். நல்லாயிருந்த பகுதியும் அதோடு போய்விடும்.

நிதியைக் கொண்டு ஓர் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்து, சங்கத்தின் பெயரைப் பொறிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. சொன்னவர்களின் மனதை மதிக்கிறோம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த இயந்திரம்தான் உயிர். ஆனால் கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் அதில் ஒருவர் இருக்கவேண்டும். அதற்குச் சுத்திகரித்த நீர், வடிகட்டி, குழாய், பயிற்சி பெற்ற தாதியர், பழுதுபார்ப்பவர் வேண்டும். சங்கம் இயந்திரத்தைத்தான் கொடுக்கலாம். மற்றதெல்லாம் வேறு யாரோ தொடர்ந்து கொடுக்கவேண்டும். அந்தக் கட்டிலுக்கு வரவேண்டியவர்களில் சிலரைப் பத்து வருடம் பிந்தி வரச்செய்யவும், சிலரை வராமலே செய்யவும் பிரஷரையும் சீனியையும் ஒழுங்காகக் கவனித்தால் முடியும்.

நாங்கள் கேட்பது இதுதான். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியுடன், ஒரு பிரதேச வைத்தியசாலையை அண்டிய பகுதியில் தொடங்குவோம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிளினிக்குகளுக்குப் போகிறவர்களும், கடந்த ஒரு வருடத்தில் வாட்டில் அனுமதிக்கப்பட்டவர்களுமாக 200 பேரைப் பதிவோம். அவர்களில் 100 பேருக்கு முதல் வருடம், மற்ற 100 பேருக்கு அடுத்த வருடம். யாருக்கு முதலில் என்பதைத் திருவுளச்சீட்டில் தீர்மானிப்போம். தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற கதைக்கு இடமில்லை. அத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் எங்களிடம் இருக்கும்.

வேலைக்கு ஓய்வுபெற்ற தாதியர் இருவர் போதும். சங்கத்திலேயே ஓய்வுபெற்ற தாதியர் பலர் இருக்கிறார்கள். ஆனால் தொண்டாக வேண்டாம். சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதில் நாங்கள் மூவரும் உறுதியாக இருக்கிறோம். பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கி ஒரு திட்டம் நடத்த நூறு வயதுச் சங்கம் தேவையில்லை. அவர்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போகவேண்டும். ஐந்து கொப்பியையும் பார்த்து ஒரே தாளில் மருந்துப் பட்டியல் எழுதி, வைத்தியரிடம் காட்டி ஒப்பம் வாங்கவேண்டும். வைத்தியசாலையிலிருந்து வீடு வந்தவரை மூன்று நாட்களுக்குள் பார்க்கவேண்டும். கிளினிக் நாட்களை ஒரே நாளில் சேர்க்க முடியுமானால் அதற்குப் பேசவேண்டும். காலைப் பார்க்கவேண்டும், சப்பாத்தைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

வருட முடிவில் உங்கள்முன் வைப்பது நான்கு எண்கள். இரு பகுதியிலும் எத்தனை பேர் அவசரமாக அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேரின் பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ளது, ஒரு குடும்பம் மாதத்தில் எத்தனை தடவை பயணம் செய்தது, தன் பையிலிருந்து எவ்வளவு செலவழித்தது. வேறுபாடு இல்லையென்றால் இல்லையென்றே மலரில் எழுதுவோம்.

இதற்கு வைத்தியசாலையின் பக்கத்திலிருந்து ஒரு கஷ்டமும் உண்டு. ஏற்கெனவே வேலைப்பளு தாங்காமல் இருக்கும் பிரதேச வைத்தியசாலை வைத்தியருக்கு, இந்தத் தாளைப் பார்த்து ஒப்பமிடுவது இன்னொரு வேலை. இருவரிடம் பேசிப் பார்த்தோம். கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒதுக்க ஒருவர் சம்மதித்திருக்கிறார். அந்தப் பின்னேரத்துக்கு எழுதுவினைஞர் ஒருவரைத் தந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார். அதையும் வரவுசெலவுத் தாளில் சேர்த்திருக்கிறோம். அத்தாளின் பிரதிகள் பொருளாளரிடம் உள்ளன.

மருந்தாளர் தோழி ஒரு வேண்டுகோள் விடுக்கச் சொல்கிறார். மதிய உணவுக்குப் பின் பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அவர் இருப்பார். அம்மா, அப்பாவின் மருந்துகளைப் பையோடு கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழில் போட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் வரிசையில் வாருங்கள். கொண்டுவராதவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அட்டையிலுள்ள சிறிய எழுத்தை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டு வாருங்கள். கம்பனிப் பெயருக்குக் கீழே இருக்கும் பெயர்தான் வேண்டும்.